படத்துக் கிணறு

"கிணத்துல தண்ணியக் காணமேய்யா?" என்று தூரிகையை நிறுத்தினார் ஓவியர் சுருளியாண்டி. எஸ்டேட் துரைமார்களுக்கே மலையும் ஓடையும் வரைந்து கொடுத்தவர்.

"படத்துல தண்ணி நிக்கிறதுக்கு மழையா பெய்யணும்? நெறச்சு விடுங்க!" என்றார் ராக்கப்பன்.

மயிலாடும்பாறையில் அவருடைய தோட்டம் காய்ந்து கிடந்தது. மகனுக்குக் கம்பத்தில் பெண் கேட்டிருந்தார். பெண்ணைப் பெற்றவர் நேரில் வந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் தோட்டத்தைப் படமாக அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"அங்கன நாலு தென்னை வைங்க. இங்கன ஒரு ஜோடி வெள்ளைக் காளை. மாடு கொழுகொழுன்னு இருக்கணும்."

சுருளியாண்டி மறுபேச்சில்லாமல் வரைந்தார். ஒரு காளைக்கு நெற்றியில் கறுப்புத் திட்டுகூட வைத்தார்.

மறுவாரமே தரகர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"படத்தப் பாத்ததும் சம்மதம்னுட்டாக. நேர்ல வர வேண்டியதில்லையாம். நீங்களும் அலைய வேண்டாம்னாக. பொண்ணுக்குச் சீராக் குடுக்கப்போற தோட்டத்தையும் படமாவே அனுப்பியிருக்காக!"

தளும்பும் கிணறு, தென்னை, வெள்ளைக் காளைகள், பின்னால் மலை. ராக்கப்பன் பூரித்துப்போனார். அவர் மனைவி மாயக்காள்தான் கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம படத்து மாடு கம்பத்துக்கு எப்படிங்க போச்சு? இந்தா, நெத்தியில அதே கறுப்பு!"

ராக்கப்பன் ஓவியர் வீட்டுக்கு ஓடினார். சத்தம் போடவும் வழியில்லை.

"ஏன்யா, அவுக படத்துலயாவது ஏதாச்சும் நெசமா?"

"ஏன் இல்லாம? மலை நெசந்தாய்யா," என்றார் சுருளியாண்டி. "ரெண்டு படத்துலயும்."