மீன் தண்ணி

“டை... மெத்தில்... பாரு...”

“பாரு இல்லம்மா, ஃபார்! எத்தனை தடவை சொல்றது?” மகள் நோட்டை மேஜைமேல் அடித்தாள். “சரியாச் சொல்லிட்டு அப்புறம் சாப்பிடு.”

பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். “பெத்தவளை இப்படியாடி போட்டுப் படுத்துவ?”

“நான்தான் கேட்டேன்க்கா,” என்றாள் அம்மா.

அவள் புருஷன் செயற்கைத் தோல் ஆலையில் பத்து வருஷம் பீப்பாயிலிருந்து ஒரு கரைசலை மொண்டு ஊற்றியவர். வாடையை வைத்து அதை ‘மீன் தண்ணி’ என்பார். வேறு பேர் அவருக்குத் தெரியாது. ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

குடித்தே செத்தார் என்று ஆலை எழுதிக் கொடுத்துவிட்டது. ஒரு சொட்டு தொட்டதில்லை அந்த மனுஷன்.

நஷ்டஈடு கேட்டுப் போன முதல் விசாரணையில் ஆலை வக்கீல் சிரித்தார். “எந்தக் கெமிக்கல்மா? பேரே தெரியாம பழி போட்டா எப்படி?”

பேரைத் தெரிந்துகொண்டு வரச் சொல்லி விசாரணை அதிகாரி ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

கூட வேலை பார்த்தவர் ஒருவர், பீப்பாய்மேல் ஒட்டியிருந்த சீட்டை ரகசியமாகக் கிழித்துவந்து கொடுத்தார். மகள் அந்தப் பேரைத் துண்டு துண்டாகப் பிரித்தாள்.

“டைன்னா ரெண்டு. ரெண்டு மெத்தில் ஒட்டிக்கிட்டிருக்கு. ஃபார்ம், எறும்புலேருந்து வந்த பேரு. கடைசியில அமைடு.”

“எறும்புக்கா இவ்வளவு பெரிய பேரு?” சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள்.

துணி தேய்க்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் உதடு முணுமுணுத்தபடியே இருந்தது.

விசாரணை நாள் வந்தது.

“டை மெத்தில் ஃபார்மமைடு,” என்றாள். நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை. “தோல் வழியா உள்ள போகும். ஈரலைக் கெடுக்கும். கையுறை இல்லாம தொடக்கூடாதுங்கய்யா.”

பின்பெஞ்சில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வக்கீல் மெல்ல எழுந்தார். “ரொம்ப நன்றிம்மா. ஐயா, கேட்டீங்களா? வீட்டுல இருக்கிறவங்களுக்கே இவ்வளவு சுத்தமாத் தெரியுது. பத்து வருஷம் அதுலேயே புழங்கினவருக்குத் தெரியாதா?”

“போன வாரம்தாங்கய்யா கத்துக்கிட்டேன்! அவருக்குக் கடைசி வரைக்கும்...”

“போதும்மா.” அதிகாரி பேனாவைத் திறந்தார். “ஆபத்து தெரிஞ்சேதான் வேலை பார்த்திருக்கார். ஆலைமேல தப்பில்ல.”

இரண்டு வரி எழுதியவர் நிறுத்தி, நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“அந்தப் பேரை மட்டும் இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க. எனக்கு வாயிலேயே நுழையல.”