தூங்குமூஞ்சி மரத்தின் புகார்

கல்லூரியில் படித்தபோது, பூங்காவிலிருந்த தூங்குமூஞ்சி மரத்தில் ‘அறவாழி – பொற்கொடி’ என்று சைக்கிள் சாவியால் செதுக்கியவன் நான்தான். இருபத்திரண்டு வருடம் கழித்து, மரங்களும் புகார் கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. முதல் வேலையாக அந்த மரம் எங்கள் இருவர் மேலும் புகார் கொடுத்துவிட்டது. பெயர்தான் தூங்குமூஞ்சி.

அந்தப் பூங்காவில் பள்ளிக் குழந்தைகளுக்குப் பறவை காட்டுவது பொற்கொடியின் வேலை. இப்போது அவளுக்கும் உள்ளே வரத் தடை. இருவரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டு, அதை மரம் ஏற்றுக்கொண்டால்தான் தடை நீங்கும்.

“உங்கம்மா பேரைச் செதுக்க வேண்டியதுதானேடா?” என்றாள், வந்ததும்.

மன்னிப்புக் கேட்க மட்டும் காவலாளி எங்களை உள்ளே விட்டார். கேட்டோம். கூட்டைக் காத்துக்கொண்டிருந்த கரிச்சான் குருவி என் வழுக்கையைக் குறிவைத்து இரண்டு முறை பாய்ந்தது. மரத்தின் பதிலைக் காட்ட அடிமரத்தில் கட்டியிருந்த பெட்டியைக் காவலாளி பார்த்தார்.

“ஏத்துக்கல சார். நீங்க மனசாரக் கேக்கலையாம்.”

உண்மைதான். மரத்தோடு சேர்ந்து பருத்துவிட்ட என் எழுத்துகளைத்தான் நான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

“ஒழுங்காக் கேளு. நாளைக்கு நாப்பது புள்ளைங்க வருது” என்று பொற்கொடி பல்லைக் கடித்தாள்.

“கேக்குறேன். ஆனா இவ்வளவு பெருசா எழுதியும் நீ ஏன் அன்னிக்கு ஒரு பதிலும் சொல்லல?”

“எங்கிட்ட எப்படா கேட்ட? கேட்டிருந்தா அப்பவே முடியாதுன்னு சொல்லியிருப்பேன். மரமாவது தப்பிச்சிருக்கும்.”