கரண்ட்டா, பெட்ரோலா?

"கரண்ட்டுக் காரா? குத்தாலம் போற வழியில சார்ஜ் எறங்கி நின்னுச்சுன்னா, உங்க அப்பா வந்து தள்ளுவாராக்கும்?"

யோகேஸ்வரி ராஜபாளையத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. அதற்குள் மாமனார் சமுத்திரம் ஆரம்பித்துவிட்டார். மாமியார் அனுசியா சிரித்தபடி நாலு வயதுப் பேத்தியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"மதுரைக்குள்ளதானே மாமா அதிகம் ஓட்டப் போறோம்? ஸ்கூலு, ஆபீசு, வீடு..."

"நான் லாரி ஓட்டுனவன் தாயி. ஆலங்குளத்துல சிமெண்டு ஏத்திக்கிட்டுக் கேரளா வரைக்கும் போனவன். சின்னதா ஒரு பெட்ரோல் கார் வாங்குங்க. எந்த ஊர்லயும் எண்ணெய் போட்டுக்கலாம், எந்த மெக்கானிக்கும் கை வைப்பான்."

கணவன் ராம்குமார் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தான். போன ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டில் அவனுடைய மாமனாரிடம் வாங்கிய பாட்டு இன்னும் காதில் இருந்தது. யோகேஸ்வரியின் அப்பா சௌந்தரபாண்டியன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "ராத்திரி செல்போன் மாதிரி சொருகி வச்சா, காலையில வண்டி ரெடி மாப்ள. சத்தம் இல்ல, புகை இல்ல. உங்க அப்பாவுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது?"

ஸ்கூட்டரில் மூன்று பேரும் தொப்பலாக நனைந்து வந்த ஒரு மழை நாளில்தான் கார் வாங்கும் யோசனை வந்தது. பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று வாயைத் திறந்தார்கள். அன்று பிடித்தது வம்பு. ஒருவர் கரண்ட் என்றால் மற்றவர் பெட்ரோல் என்றார். போனில் கேட்டால், "இது போன்ல பேசுத விசயமா? நேர்ல வாங்க" என்று இரண்டு பேருமே வைத்துவிடுவார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊர்ப்பக்கம் தலைகாட்டியவர்களுக்கு, இப்போது துணி துவைக்கக்கூட ஒரு ஞாயிறு மிஞ்சுவதில்லை.

அதைவிட மோசம், பஸ்ஸில் திரும்பும்போது "உங்க அப்பா..." என்று யார் ஆரம்பித்தாலும் மதுரை வரும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தை மாதம் மகளுக்குக் காது குத்த வேண்டும். அன்றும் சம்பந்திகள் இப்படி முறைத்துக்கொண்டு நின்றால் ஊர் சிரிக்காதா? அந்தப் பயத்தில்தான் யோகேஸ்வரி இன்று தன் அப்பாவையும் இங்கே வரச் சொல்லியிருந்தாள். நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசி முடித்துவிட வேண்டும்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சௌந்தரபாண்டியன் வந்து சேர்ந்தார்.

"வாங்க" என்றார் சமுத்திரம், சுவரைப் பார்த்து.

"பிள்ள கூப்பிட்டாளேன்னு வந்தேன்" என்றார் அவர், விட்டத்தைப் பார்த்து.

இலையில் ரசம் விழும் முன்பே தொடங்கிவிட்டது.

"பேட்டரி போச்சுன்னா எம்புட்டுச் செலவு தெரியுமா?"

"அதுக்குக் கேரண்டி இருக்கு. உங்க இன்ஜினுக்கு மாசாமாசம் வைத்தியம் பாக்கணுமே, அதுக்கு?"

"மழை தூறுனாலே கரண்டு போயிருது. இதுல காரு வேறயா!"

"உம்ம லாரி செங்கோட்டையில கவுந்து கெடந்துச்சே, அது எந்தக் கரண்டுல கவுந்துச்சு?"

அனுசியா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். மாமியார் அழுகிறாரோ என்று யோகேஸ்வரி பயந்தாள்.

ராம்குமார் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். "போதும்ப்பா. எந்தக் காரும் வேண்டாம். ஸ்கூட்டரே போதும். இந்தப் பேச்சை இதோட விட்ருவோம்."

"அது எப்படி?" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

"பிள்ளைய மழையில நனைய விடுவியாலே?" என்றார் சமுத்திரம்.

"அவசரப்படாதீக மாப்ள. அடுத்த ஞாயிறு எங்க வீட்டுக்கு வாங்க. கண்டிப்பா ஒரு முடிவு பண்ணிருவோம்" என்றார் சௌந்தரபாண்டியன்.

வெயில் தாழ்ந்ததும் மதுரைக்குக் கிளம்பினார்கள். "நீங்களும் எங்க கூடவே பஸ் ஏறுங்கப்பா" என்று யோகேஸ்வரி அழைத்துப் பார்த்தாள்.

"நீங்க முன்னால போங்க. சம்பந்தியக் கேக்க வேண்டியது இன்னும் நாலு இருக்கு. கேட்டுட்டுப் பொறவு வாரேன்" என்றார் அப்பா முறைப்பாக.

தெருமுனையில் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் மகளின் தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. "செத்த இருங்க, எடுத்துட்டு வாரேன்" என்று யோகேஸ்வரி இறங்கி ஓடினாள். கைகலப்பு ஆகிவிடக் கூடாதே என்ற கவலையும் அந்த ஓட்டத்தில் இருந்தது.

வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மாமியார் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு அப்பாக்களும் ஒரே கட்டிலில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒரே தட்டில் முறுக்கு நொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள காரே வேண்டாம்னதும் எனக்கு உசிரே போயிருச்சு சம்பந்தி" என்றார் சௌந்தரபாண்டியன். "அடுத்த வாரம் நீங்க கேஸ்ல ஓடுற காருன்னு புதுசா ஒண்ணைக் கிளப்பி விடுங்க. நாம ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம்னு வைங்க, பிள்ளைக பொறவு பொங்கலுக்குத்தான் இந்தப் பக்கம் வரும்."

யோகேஸ்வரி சத்தமில்லாமல் திரும்பி நடந்தாள்.

"பாட்டில் எங்க? உள்ள இன்னும் சண்டைதானா?" என்றான் ராம்குமார்.

"ஆமாங்க. இது இப்போதைக்குத் தீராது" என்றபடி அவள் மகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் சனிக்கிழமையே வந்துருவோம்."