தானாகக் கத்திய வண்டி

மெக்கானிக் பைக்கின் சீட்டைக் கழற்றி வாசலில் வைக்கிறார். கடையில் வாங்கி மாட்டிய அலாரம், யாரும் தொடாமலேயே, காலை வெயிலில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறுகிறது. “உள்ள தண்ணி இறங்கியிருக்கு சார். காத்து பட்டாலே கத்தும்,” என்கிறார். வண்டிக்காரருக்குக் காது மடல் சுடுகிறது. நேற்றுதான், இதே அலாரம் கத்தியதற்கு, மாடிவீட்டு இளைஞனை, “அடுத்தவன் வண்டில உனக்கென்னடா வேலை?” என்று அவன் மனைவி முன்னாலேயே கிழிகிழியென்று கிழித்திருந்தார். அவன் இப்போது வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கி வருகிறான். ஒயரை வெட்டியதும் சத்தம் பொசுக்கென்று அடங்குகிறது. வண்டி லேசாகச் சரிய, “தம்பி, ஒரு கை பிடிங்க,” என்கிறார் மெக்கானிக். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி, அவன் வண்டிக்காரரிடம் கேட்கிறான்: “தொடலாமா அண்ணே?” குரலில் துளிக் கேலி இல்லை. வண்டிக்காரர் தலையை மட்டும் ஆட்டுகிறார். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.