மூர்த்தியின் செல்கள்

பச்சைப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

இல்லை.

ஒவ்வொரு புள்ளியும் டி.என்.ஏ.வில் ஒரு காயம். நேற்றுக் காலை இந்தச் செல்களைப் புற ஊதா விளக்கின் கீழ் பத்து விநாடி வைத்தாள். வெயிலில் இருக்கிற அதே கதிர். நேற்று எண்ணி மாளாத புள்ளிகள். இன்று அத்தனையும் ஆறியிருந்தன.

"ஆறிருச்சுடா மூர்த்தி" என்றாள். சத்தமாகவே.

மூர்த்தி அவள் தம்பி. அவன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. தட்டில் இருப்பவை அவனுடைய செல்கள்.

அவனுக்கு வெயில் ஆகாது. ஆகாது என்றால் கறுத்துப்போவது இல்லை. வெயில் எல்லோருடைய டி.என்.ஏ.வையும் உடைக்கத்தான் செய்கிறது. எல்லோருடைய உடம்பும் சத்தமில்லாமல் அதை ஒட்டுப்போட்டுக்கொள்கிறது. அவன் உடம்புக்கு அந்த வேலை தெரியாது. அம்மா தாய்மாமனைக் கட்டியவள், அதனால் இருக்கும் என்றார் டாக்டர். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். மாட்டிக்கொண்டவன் இவன்.

அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது, அம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அவனைத் தெருவுக்குக் கூட்டிப்போனாள். கால் மணி நேரம் டயர் உருட்டினார்கள்.

சாயங்காலம் அவன் முகம் முழுக்கக் கொப்புளம்.

அம்மா அவளை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அந்தக் கால் மணி நேரத்தால் மட்டும் ஒருவன் சாக மாட்டான். படித்த படிப்பு அத்தனையும் அதைத்தான் சொல்கிறது. மனசு கேட்டால்தானே.

இருபத்திரண்டு வயதில் தோல் புற்றுநோய். கடைசி வருடம், அவளுடைய ஆராய்ச்சிக்காக அவன் கையிலிருந்து பயறளவு தோல் எடுத்தார்கள். கட்டுப்போட்ட முகத்தோடு சிரித்தான்.

"எடுத்துக்கோ அக்கா. அதையாச்சும் வெளிய கூட்டிட்டுப் போ."

நன்றாகத்தான் கூட்டிப்போனாள். வாரம் இரண்டு முறை ஊட்டம் ஊற்றி வளர்க்கிறாள். வளர்த்ததை விளக்கில் சுடுகிறாள். ஆறுகிறதா என்று பார்க்கிறாள். ஒன்பது வருடமாக ஆறவில்லை; மூன்றாம் நாள் செத்து மிதக்கும். பாவி, அவளும் விடவில்லை.

ஹெப்சிபா ஓடி வந்தாள். அவளுடைய மாணவி. சரியான மரபணுவை மூர்த்தியின் செல்களுக்குள் செலுத்தியவள் அவள்தான்.

"மேடம், ஜீன் வேலை செஞ்சிருச்சா?"

அவள் தலையை ஆட்டினாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

பிறகுதான் பக்கத்துத் தட்டை எடுத்தாள். மரபணு செலுத்தாமல், ஒப்பிடுவதற்காக விளக்கில் மட்டும் சுட்ட தட்டு.

அதுவும் ஆறியிருந்தது.

மருந்தே கொடுக்காத நோயாளி எழுந்து நடந்தால் சந்தோஷப்படுவதா? கட்டிலில் இருந்தது அவன்தானா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

உற்றுப் பார்த்தாள். மூர்த்தியின் செல்கள் அயிரை மீன் மாதிரி நீளமாக இருக்கும். இவை உருண்டையாக, இடித்துக்கொண்டு நின்றன. இன்னொரு ஆராய்ச்சிக்காக அதே அறையில் வளர்க்கிற வேறொருவரின் புற்றுநோய்ச் செல்கள். அவற்றுக்கு ஒட்டுப்போடத் தெரியும்.

போன மாதம் மூர்த்தியின் திதி. படையல் போட்டுவிட்டு அழுத கண்ணோடு நேரே இங்கே வந்தாள். ஒரு செல்லுக்கு ஊற்றிய ஊட்டப் பாட்டிலை இன்னொன்றுக்குத் தொடக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லித்தருகிற பாடம். அன்று ஒரே பாட்டிலிலிருந்து இரண்டுக்கும் ஊற்றினாள்.

ஒரு சொட்டு போதும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிவிட்டது.

எல்லாக் குடுவைகளையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் உருண்டைகள்.

திரவ நைட்ரஜன் தொட்டியில் ஒரே ஒரு குப்பி மிச்சமிருந்தது. அவன் உயிரோடிருந்த வருடம் உறையவைத்தது.

உருக்கினாள். செல்கள் பிழைத்தன. நீளமாகவும் இருந்தன.

நீளமாக இருந்தால் ஆயிற்றா? யாருடைய தோல் செல்லும் நீளம்தான். அந்த வருடம் ஒப்பிடுவதற்காகத் தன் தோல் செல்லையும் பக்கத்திலேயே வளர்த்தாள். போன மாதம் கை தவறியவளுக்கு அன்று மட்டும் தவறியிருக்காதா?

குப்பியில் இருப்பது அவனா, அவளா?

"டெஸ்டுக்கு அனுப்பலாமே மேடம். மூணு வாரத்துல யாரோடதுன்னு சொல்லிருவாங்க."

மூன்று வாரமா! அவளால் முடியாது.

செல்களை இரண்டு தட்டில் பிரித்தாள். ஒன்றை இருட்டில் பத்திரமாக வைத்தாள். இன்னொன்றை விளக்கின் கீழ் வைத்து விசையைத் தட்டினாள்.

பத்து விநாடி.

சின்ன வயதிலிருந்து எந்தச் சாமியிடமும் வேண்டாத ஒன்றை அப்போது வேண்டினாள்.

ஆறிவிடக் கூடாது.

மூன்றாம் நாள் காலையில் தட்டை எடுத்தாள். ஹெப்சிபா தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடியில் ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் எல்லாம் கழன்று மிதந்தன. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"ஐயோ மேடம், எல்லாம் செத்துருச்சே."

அவள் சிரித்தாள். கண்ணீர் நிற்காமல் வழிந்தது.

"அவனேதான்" என்றாள்.