உன் பாதி, என் பாதி

இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில், ஒரு மேட்டுத் தெருவில், ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகளின் கூரைகளைக் காற்று அறைகிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான புகைக்கூண்டு, நடுச்சுவரின் மேலிருந்து டெரிக் வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. கூரை ஏணியில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, டெரிக் தன் பாதியைச் சம்மட்டியால் அடிக்கிறான். கரி படிந்த செங்கற்கள் பெயர்ந்து, கூரையில் உருண்டு, கீழே முற்றத்தில் விழுந்து சிதறுகின்றன. பக்கத்து வீட்டு ஹில்டா வேண்டுமென்றே கணப்பு மூட்டியிருக்கிறாள். அவள் பாதியிலிருந்து வரும் புகை நேராக அவன் கண்ணில் அடிக்கிறது. அவன் காறித் துப்புகிறான். எச்சில் கறுப்பாக விழுகிறது. தன் முற்றத்தில் கரிவாளியோடு நிற்கும் ஹில்டா கத்துகிறாள்.

“என் பாதில ஒரு கல்லு பேந்துச்சு, உன் மண்டைய ஒடச்சிடுவேன்.”

“உன்னுத எவன் தொட்டான்? சேந்து சரி பண்ணலாம்னு நாயா அலைஞ்சேன். என்ன சொன்னே?”

“சாயறது உன்னுது. என்னுது நேராத்தான் நிக்குது.”

“அதான் என்னுத எடுக்கறேன். உன்னுத நீயே கட்டிக்கிட்டு அழு.”

மறுபடி ஓங்குகிறான். அடிவரிசைச் செங்கல் இரண்டாகப் பிளக்கிறது. கூண்டுக்குள் எங்கோ கரகரவென்று காரை உதிரும் சத்தம். ஹில்டா அண்ணாந்து பார்த்தபடியே வாளியைக் கீழே வைக்கிறாள். அவள் குரல் தாழ்கிறது.

“டெரிக், கீழ எறங்கு.”

“இப்பத்தான் சுருதி எறங்குதா?” சிரித்துக்கொண்டே அடிக்கிறான். அவன் பாதி சரிந்து போகிறது. இத்தனை வருஷமாக அதன்மேல் சாய்ந்தே நின்றிருந்த அவள் பாதி, புகை விட்டபடியே, அவன் பக்கம் குனிகிறது.