கராம்பு வைத்துத் தைத்த போர்வை

இரண்டு முறை கரு வயிற்றில் தங்காமல் போனதால், இந்த ஏழாம் மாதத்திலும் பிள்ளைக்கென்று எதையும் வாங்க நுஸ்ஹா விடவில்லை. கணவன் மஹ்ரூபின் அக்குறணைத் துணிக்கடையில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகளை இணைத்து ஒரு சின்னப் போர்வை மட்டும் தைத்தாள். எத்தனை முறை கழுவினாலும் மணம் போகக் கூடாதென்று, கராம்பையும் அத்தரில் ஊறிய பஞ்சையும் உள்ளே வைத்து மூடினாள். கேட்டவர்களிடம், "பூனைக்கு" என்றாள்.

முதல் தடவை கழுவிக் காயவைத்ததும் மஹ்ரூப் அதை முகர்ந்து பார்த்தான்.

"யார்ட புள்ளய இதுல கெடத்தின?"

"ஒத்தரயும் இல்ல."

"அப்ப ஒன்ட பூன பேபி பவுடரா பூசுது?"

வீட்டில் பவுடரே இல்லை. நுஸ்ஹாவும் முகர்ந்தாள். கராம்பு மணக்கவில்லை, பாலும் பவுடரும் மணத்தன. சவர்க்காரம் போட்டு மறுபடி கழுவினாள். காய்ந்த பிறகு அந்த மணம் இன்னும் கூடியிருந்தது. மடித்து அலுமாரியில் வைத்தாள்.

மறுநாள் காலை எடுத்து விரித்தபோது, போர்வையின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஈரமாயிருந்தது. தொட்டாள். இளஞ்சூடாக இருந்தது. அது ஆறும் வரை கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மஹ்ரூப் கடைக்குப் போக வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"இஞ்ச கேளுங்க," என்றாள் நுஸ்ஹா. "வரக்குள்ள புள்ளக்கிக் கட்ட நெப்பி வாங்கிட்டு வாங்க. கொஞ்சம் கூடவே எடுங்க."